பாதியில் நின்ற புடவை

வேங்கடம் தறிக்கூடத்தை விட்டு வெளியே வருகிறான். வாசலில் ஆளைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். வாயைத் திற என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த வாய்க்குள் கொஞ்சம் பட்டு இழை இருக்கிறது. எச்சிலில் நனைந்த அந்த இழை வீடு போய்ச் சேர்ந்து, மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்த தறியில் ஏறும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் சேர்த்தால் மகள் தாமரையின் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப் புடவை ஆகும்.

பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தின் கதை இந்த வாய்க்குள் அடங்கிய இழையில்தான் இருக்கிறது. 2008 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு நம் திரையரங்குகளுக்கு வந்த படம். 2007-ஆம் ஆண்டுக்கான 55-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகரானார். விருதுகளைப் பற்றிப் பேசியவர்கள் நெசவாளியின் வறுமையைக் காட்டிய படம் என்றார்கள். அப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்டால் படத்தின் பாதி நம் கைக்கு வராது. ஒரு மனிதன் தன் மகளுக்கும் தன் சங்கத்துக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாமல் போவதைப் பற்றிய படம் அது. அந்த முடியாமையைத் துரோகம் என்று பெயரிட்டுக் கடந்துவிடும் சமூகத்தைப் பற்றிய படமும்கூட.

கதை 1948-இல் தொடங்குகிறது. சிறையிலிருந்து இரண்டு நாள் பரோலில் வேங்கடத்தைக் காவலர்கள் பேருந்தில் ஊருக்கு அழைத்து வருகிறார்கள். வழியெங்கும் பழைய நினைவுகள். பட்டுடுத்திய பெண்ணைத்தான் கல்யாணம் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கடைசியில் அன்னத்தைச் சாதாரணப் புடவையில் அழைத்து வருகிறான். மகள் பிறந்து பேர் வைக்கும் நாளில், இவள் கல்யாணத்துக்குப் பட்டு கட்டி அனுப்புவேன் என்று ஊர் கேட்க வாக்குக் கொடுத்துவிடுகிறான். சேர்த்த காசு உறவின் நெருக்கடியில் கரைகிறது. வாக்கு மட்டும் மிஞ்சுகிறது. அதன் பிறகுதான் அவன் வாய்க்குள் இழை வைக்கக் கற்றுக்கொள்கிறான்.

இங்கே திருட்டுக்கு முன்பே சந்தேகம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டு நெசவில் நூலும் ஜரிகையும் கொடுப்பவருடையது. நெசவாளியுடையது உழைப்பு மட்டும். பட்டை நிறுத்துக் கொடுப்பார்கள், நெய்த புடவையை நிறுத்து வாங்குவார்கள். எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு நெசவாளியும் திருடக்கூடியவன் என்ற எண்ணம் தராசுத் தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கணக்கு எழுதுபவர் முகம் சுளிக்க வேண்டியதில்லை, வசவு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தினமும் வாசலில் கையைத் தூக்கி நிற்கிற மனிதனுக்கு, தன்னை இந்த ஊர் என்னவாக நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். வெறுப்பை ஆவேசப் பேச்சில் தேடிப் பழகிய நமக்கு, வழக்கமாகிப்போன சோதனையில் அது இருப்பது கண்ணில் படுவதில்லை. பிரியதர்ஷனின் கேமரா அந்த வாசலை விடாமல் பார்க்கிறது.

பிறகு ஊருக்கு ஓர் எழுத்தாளர் வருகிறார். பொதுவுடைமைக் கருத்துகள் மெல்லப் பரவுகின்றன. நாடகம் போடுகிறார்கள், கூடிப் பேசுகிறார்கள், கூலியைக் கேட்கத் துணிகிறார்கள். வேங்கடம் அவர்களில் முன்னால் நிற்பவனாகிறான். நாள் முழுக்கத் தோழர்களிடம் நியாயம் பேசுகிறவன், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் திருட்டு இழையில் மகளுக்குப் புடவை நெய்கிறான். இதில் போலித்தனம் எதையும் படம் பார்ப்பதில்லை. இரண்டும் அவனுக்கு உண்மை. வேலைநிறுத்தம் வருகிறது. தறிக்கூடம் மூடினால் இழை வராது. தாமரையை நண்பன் பார்த்தசாரதியின் மகனுக்கே பேசியாயிற்று, கல்யாண நாள் நெருங்குகிறது. வேங்கடம் வேலைக்குத் திரும்பலாம் என்கிறான். பார்த்தசாரதி அவனைத் துரோகி என்கிறான். அந்தச் சொல்லில் ஒரு தவறும் இல்லை. பார்த்தசாரதியின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு சொல்லே கிடையாது. ஆனால் அந்தச் சொல் விழும்போது நம் பார்வை வேங்கடத்தின் முகத்தில் இருக்கும்படி இயக்குநர் செய்திருக்கிறார். படத்தின் ஆகப் பெரிய சாதனை இதுதான் என்று நினைக்கிறேன். சங்கத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே, சங்கத்தை மீறியவனுக்காக நம்மால் வருந்த முடிகிறது.

துரோகி என்ற சொல் தமிழ்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் எங்கே விழுந்திருக்கிறது என்று தேடினால், படம் தொடாத ஒரு பக்கம் திறக்கிறது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பகுதியில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைந்த தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்று. பி.பி. வாடியா தலைவர். திரு.வி. கல்யாணசுந்தரனார் அதன் தூண்களில் ஒருவர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பல சாதியாரும் வேலை பார்த்தார்கள். 1921-இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள்மீது துரோகப் பழி விழுந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று திரும்பியவர்களுக்கு ஆலைக் கூலி என்பது பசிக்கான கூலி மட்டுமல்ல. ஊர்த் தெருவில் நடக்கவிடாத சாதி வாழ்க்கையிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவந்த முதல் கதவு அது. கூடத்துக்குள் தோழர் என்று அழைத்தவர், கூடத்துக்கு வெளியே தன் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஒற்றுமைக்கு எதற்காக அவர்கள் எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டும்? ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி. ராஜா போன்றவர்கள் இதைக் கேட்டார்கள். திராவிட இயக்கத்தின் முன்னோடியான நீதிக்கட்சிக்குள்ளும் இந்தக் கலவரத்தையொட்டிப் பிளவு விழுந்தது.

வேங்கடம் திரும்பியதும் பெரம்பூர்த் தொழிலாளர்கள் திரும்பியதும் ஒன்றல்ல. ஒருவன் ஒரு புடவைக்காகத் திரும்பினான், அவர்கள் ஒரு சமூகத்தின் நிலைக்காகத் திரும்பினார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் சங்கத்திடம் ஒரே குறை இருந்தது. தொழிலாளிக்குக் கூலியைத் தவிர வேறு கவலை இருக்கக்கூடும் என்பதற்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை. வைக்கப்படாத அந்த இடத்திலிருந்துதான் துரோகி பிறக்கிறான்.

இந்த நோக்கில் ‘காஞ்சிவரம்’ படத்தின் பெரிய மௌனமும் தெரிகிறது. காஞ்சிபுரத்துத் தறியைப் பற்றிப் பேசுகிறவர் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. செங்குந்தர், சாலியர், தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட சமூகங்கள் இந்த ஊரில் தெருத் தெருவாகக் குடியிருந்தன. பட்டுக்குக் கிராக்கி கூடக் கூட வேறு சாதியாரும் தறியில் உட்கார்ந்தார்கள். யார் தறிக்குச் சொந்தக்காரர், யார் கூலிக்கு நெய்பவர், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார் என்பதெல்லாம் கூலி விகிதத்தைப் போலவே நெசவுத் தெருவின் சட்டங்கள். படத்தின் நெசவாளிகளுக்கோ சாதி இல்லை. எல்லோரும் ஏழைகள், எதிரே ஒரு முதலாளி. கதைக்கு இது ஒரு தெளிவைத் தருகிறது. ஊருக்கு இது பொருந்தாது. சாதியையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அந்த வேலைநிறுத்தம் இவ்வளவு நேர்க்கோட்டில் எழுந்து, இவ்வளவு நேர்க்கோட்டில் உடைந்திருக்காது.

சாதியைப் பேசிய படத்துக்கு இதே ஊரின் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும். சி.என். அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் எழுதிய ‘வேலைக்காரி’ நாடகத்தை ஜூபிடர் பிக்சர்ஸ் 1949-இல் படமாக்கியது. இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி. கே.ஆர். ராமசாமி நடித்த ஆனந்தனின் தந்தை, வட்டிக்குக் கடன் கொடுத்த வேதாசல முதலியாரின் நெருக்குதலால் தூக்கிட்டுச் சாகிறார். பழிவாங்க வழியில்லாத ஆனந்தன் காளி கோயிலில் போய் நின்று தெய்வத்தையே கேள்வி கேட்கிறான். பக்திப் படங்களுக்குப் பழகிய கொட்டகையில் அந்தக் காட்சி எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு பக்கம் முதலியாரின் மகன் மூர்த்தி, வீட்டு வேலைக்காரி அமிர்தத்தைக் காதலிக்கிறான்.

இந்தப் படத்தில் பலர் கவனிக்காமல் போகும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வில்லனின் பேருக்குப் பின்னால் இருக்கும் முதலியார் என்ற பட்டம் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்களுக்கு உரியது. அண்ணா பிறந்த செங்குந்தர் சமூகத்துக்கும் அது உண்டு. கொடுமைக்காரனுக்கு வேறொரு சாதியின் பட்டத்தைச் சூட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். தன் உறவினரும் தெருக்காரரும் சுமந்த பட்டத்தையே கொடுத்தார். சாதி எதிர்ப்பை அடுத்தவர் வீட்டில் நடத்திக் காட்டுவது சுலபம், தன் தெருவின் பேரைச் சொல்லி நடத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். பிறந்த சமூகத்துக்கும் நம்பிய கொள்கைக்கும் இடையில் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்விக்கு, அந்தப் பாத்திரத்துக்குப் பேர் வைத்ததிலேயே அவர் பதில் சொல்லிவிட்டார்.

ஆனால் ‘வேலைக்காரி’ கடைசியில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுகிறது. ஆனந்தன் மாறுவேடத்தில் முதலியாரின் மருமகனாகிறான். அமிர்தம் ஆளே மாறிப் பணக்காரர் வீட்டுப் பெண்ணாகத் திரும்பி வருகிறாள். நீதிமன்ற வாதத்தில் போலிச் சாமியாரின் குட்டு உடைகிறது. முதலியார் மனம் திருந்துகிறார். நாற்பதுகளின் மேடைக்கு இந்த முடிவு தேவைப்பட்டிருக்கும். கொட்டகையை விட்டு வெளியே போகிறவருக்கு நம்பிக்கை கொடுத்து அனுப்புவது அந்த இயக்கத்தின் வேலை. என்றாலும் பெரிய இடத்துப் பெண் என்ற வேஷத்தில்தான் வேலைக்காரி அந்த வீட்டுக்குள் மருமகளாக நுழைகிறாள் என்பது உறுத்துகிறது. முதலியார் அவளை வேலைக்காரியாகவே ஏற்றுக்கொள்ளும் காட்சிதான் கடினமான காட்சி. அதை எழுதுவது பின்னால் வந்தவர்களுக்கு விடப்பட்டது. பரியேறும் பெருமாள் (2018) வரை அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒற்றுமைக்கும் சாதி நியாயத்துக்கும் இடையிலான இழுபறிக்குக் காஞ்சிபுரம் புதிதல்ல. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைமை அதே திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரிய பெரியாரின் தீர்மானத்துக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. அவர் வெளியேறினார். வைக்கம் போராட்டத்தில் சிறை சென்று வந்த காங்கிரஸ்காரர், சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைச் சாதி பார்த்துப் பிரித்து உட்காரவைத்துச் சோறு போட்டதை எதிர்த்தவர். தேச விடுதலைக்கும் சாதி விடுதலைக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரை நிறுத்தியது இந்த ஊர்ப் பந்தல். மாநாட்டுத் தலைவரான திரு.வி.க.தான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பெரம்பூரில் சாதி தொழிலாளர்களைப் பிரித்ததைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர். ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த இரண்டும் நடந்திருக்கின்றன. நாட்டுக்காக, சங்கத்துக்காக ஒன்றாக நில்லுங்கள் என்று கேட்ட நல்ல மனிதர்களால், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாதவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இதை மையமாக வைத்துப் படமெடுத்தவரை நான் அறியேன்.

நெசவாளர் போராட்டத்தைக் கலையாக்கிய பிற நாடுகளிலும் இதே கேள்வி தலைகாட்டியிருக்கிறது. 1844-இல் நடந்த சிலேசிய நெசவாளர் எழுச்சியை வைத்து ஜெர்மன் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் 1892-இல் ‘நெசவாளர்கள்’ எழுதினார். 1927-இல் அது மௌனப் படமாகவும் வந்தது. ஊரே கிளர்ந்து எழும்போது ஹில்ஸே என்ற முதியவர் மட்டும் கடவுள் கொடுத்த இடம் இது என்று தறியை விட்டு எழ மறுக்கிறார். படையினரின் தவறிய குண்டு தறியில் உட்கார்ந்திருந்த அவர்மேலேயே பாய்கிறது. எழாதவரும் தப்பவில்லை என்பதோடு ஹாப்ட்மன் நிறுத்திவிடுகிறார், அவரைக் கோழை என்று எங்கேயும் சொல்லவில்லை. வேங்கடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தவர் ஹில்ஸே. ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்தில் வறுமையால் சைக்கிள் திருடும் தந்தையோடு வேங்கடத்தை ஒப்பிடலாம். அந்தத் தந்தையைக் கூட்டம் பிடித்தாலும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறது. வேங்கடத்துக்கு அதுவும் இல்லை.

இழைத் திருட்டில் பிடிபட்டுச் சிறைக்குப் போனவனின் மகள் கிணற்றில் விழுந்து, உடம்பு முடங்கிப் போகிறாள். பரோலில் வந்த தகப்பனுக்கு அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்கவில்லை. அவனே விஷம் கலந்த சோற்றை ஊட்டுகிறான். கொட்டகையில் பாதி நெய்து நின்ற பட்டை அறுத்து வந்து அவள்மேல் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. இழுத்து இழுத்துப் பார்க்கிறான். இந்தக் காட்சி மிகை என்று சொன்னவர்களை நான் மறுக்கமாட்டேன், படம் கண்ணீரை நோக்கித் தள்ளுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் துணியின் நீளம் பொய் அல்ல. சங்கத்தை விட்டுக்கொடுத்தும் மகளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மகளை விட்டுக்கொடுத்துச் சங்கத்தில் நின்றிருந்தாலும் அவள் வெறும் புடவையோடுதான் போயிருப்பாள். அவனுக்கு முன்னால் வைக்கப்பட்ட இரண்டு வழிகளும் அந்தக் கூலிக்குள்ளேயே அடைபட்டவை.

தறியருகே கொஞ்ச நேரம் நின்றால் படம் விட்டுவிட்ட இன்னொருவரும் தெரிவார். காஞ்சிப் பட்டின் பேருக்குக் காரணம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேரும் கோட்டில் இழைக்கு இழை பின்னிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழித் தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளி ஒருவரால் இதைச் சமாளிப்பது கடினம். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் இரண்டாவது ஆள் வேண்டும். நெய்பவர் நாடாவைத் தள்ளுகிறார், பக்கத்து ஆள் கரை இழையை உடல் இழையோடு கொக்கி போட்டுத் திருப்பி அனுப்புகிறார், பலகை வந்து இடிக்கிறது, மறுபடியும். ஒரு புடவை முடியும்வரை அந்தக் கை நிற்கக் கூடாது. பல காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது சிறுவர்கள். விரல் மெலிது, கூலி அதைவிட மெலிது.

பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியில் உட்காரும் வழக்கம் காஞ்சிபுரத்தில் பரவலாக இருந்தது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட இந்தியப் பட்டுத் தொழில் பற்றிய அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சட்டங்களுக்குப் பின்னும் அந்த இருக்கை காலியாவதற்கு ஆண்டுகள் பிடித்தன. மாவட்ட நிர்வாகமும் தொண்டு அமைப்புகளும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெரும்பாடு பட்டிருக்கின்றன. இங்கேதான் பழி யார்மேல் என்ற கேள்வி சிக்கலாகிறது. அந்தப் பிள்ளையை வேலைக்கு வைத்த தறிக்காரர் பெரும்பாலும் பெரிய முதலாளி அல்ல. அவரே கடை முதலாளியிடமிருந்து பாவும் ஊடையும் வாங்கி, கடனில் மூழ்கி நெய்கிறவர். வேங்கடத்தைப் போன்ற ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்காக இன்னொருவரின் மகளைத் தறியில் உட்கார வைக்கிறார். முதலாளி, தொழிலாளி என்று இரண்டு பக்கம் மட்டுமே வைத்த கதையில் இந்த மனிதர் எந்தப் பக்கமும் சேரமாட்டார்.

பெண்களின் கதையும் இப்படித்தான். தார் சுற்றுவதும், நூல் இழைப்பதும், தெருவில் பாவு நீட்டும்போது கூட நிற்பதும் வீட்டுப் பெண்கள். புடவைக் கூலி நெசவாளியின் பேரில் வரும். அவர்கள் வேலைக்குத் தனிக் கணக்குக் கிடையாது. ‘காஞ்சிவரம்’ அன்னத்தையும் தாமரையையும் அன்போடு பார்க்கிறது. அவர்கள் பட்டுக்காகக் காத்திருப்பவர்களாகத்தான் வருகிறார்கள், பட்டைச் செய்பவர்களாக வருவதில்லை. தாமரைக்கு அந்தப் புடவை வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாக்கு தகப்பனுடையது, ஊர் முன்னால் கொடுத்தது. விலை கொடுத்தது மகள்.

தெலுங்கில் 2019-இல் வந்த ‘மல்லேஷம்’ இந்த விஷயத்தில் ஒரு படி முன்னால் போயிருக்கிறது. போச்சம்பள்ளிப் பட்டுக்கு நூலை ஆயிரக்கணக்கான முறை கையால் சுற்றித் தோள் நொந்துபோன தன் தாய்க்காக ஆசு இயந்திரத்தைக் கண்டுபிடித்த சிந்தகிந்தி மல்லேஷத்தின் உண்மைக் கதை அது. அங்கே கதை தாயின் தோள்வலியிலிருந்து பிறக்கிறது. ஊர் அவனைக் கிறுக்கன் என்கிறது, படம் அந்த ஏளனத்தையும் காட்டுகிறது.

காஞ்சிபுரத்தில் இன்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். தகப்பனும் தாயும் தறியில் இருக்கிறார்கள், அல்லது தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, புவிசார் குறியீடு வந்தது, கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கைத்தறி என்ற பேரில் விசைத்தறிப் புடவை விற்பதும் நடக்கிறது. விசைத்தறியில் வேலை பார்ப்பவரும் ஒரு நெசவாளிதான், சில நேரம் அதே தெருக்காரர், அதே உறவுக்காரர். அவரைக் கைத்தறியின் எதிரி என்று சொல்வதா, கூலி கிடைத்த இடத்துக்குப் போனவர் என்று சொல்வதா? வேங்கடத்தைப் பற்றிய அதே வழக்கு இன்றும் காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தீராமல் நடக்கிறது.

இந்த ஊரைப் பற்றி அடுத்து ஒரு படம் எடுப்பவரிடம் ஒன்று கேட்பேன். இந்த ஊரோடு தொடர்புள்ள இரண்டு நல்ல படங்கள் வந்துவிட்டன. ஒன்று நெசவாளியின் வறுமையைப் பார்த்தது, இன்னொன்று சாதியைப் பார்த்தது. அடுத்த படம் கோர்வைக் கரைப் பக்கம் உட்கார்ந்த அந்தச் சிறுமியின் உயரத்தில் கேமராவை வைக்கட்டும். அவளுக்குத் தறிக்காரரும் ஏழை என்று தெரியும், தன் அப்பா முன்பணம் வாங்கியதும் தெரியும், பக்கத்துத் தெருவில் தன்னை வாசலோடு நிறுத்துவார்கள் என்பதும் தெரியும். அவள் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று இதுவரை எந்தப் படமும் கேட்கவில்லை.